எர்த் கம்பி இல்லாத போர்முனை

2004ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவத்தின் பாதுகாப்பு வெளியீடு ஒன்றில் ஈராக்கைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. தலைப்பு, 'எதிர்பாராத கொலையாளி'. கண்ணிவெடி பற்றியோ மறைந்திருந்து சுடுபவர்கள் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை. பேசுபொருள் மின்சாரம். அந்த ஆண்டில் மட்டும் ஈராக்கில் 5 வீரர்கள் மின்சாரம் தாக்கி இறந்திருந்தார்கள். குளியலறைகளில் பலருக்கு ஷாக் அடித்திருக்கிறது, ஒப்பந்ததாரர்கள் முறையாக எர்த் போட்ட பிறகே இணைப்புத் தர வேண்டும், அதை நாம் கட்டாயமாக்க வேண்டும் என்று ராணுவப் பொறியாளர் படையின் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் அதில் எச்சரித்திருந்தார்.

மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடின. 2008 ஜனவரி 2 அன்று பாக்தாத்தின் ரத்வானியா அரண்மனை வளாகத்தில், சிறப்புப் படையைச் சேர்ந்த 24 வயது ஸ்டாஃப் சார்ஜன்ட் ரையன் மாசெத் ஷவரில் குளித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். அவர் தங்கியிருந்த கட்டடத்தின் தண்ணீர் பம்புக்கு எர்த் இல்லை. பம்பில் மின்கசிவு ஏற்பட்டதும் தண்ணீர்க் குழாய் முழுவதிலும் மின்சாரம் ஏறிவிட்டது. ஏதோ மின்கருவியை அவரே ஷவருக்குள் எடுத்துப் போயிருக்கலாம் என்றுதான் அவருடைய தாயிடம் முதலில் சொன்னார்கள். அந்தத் தாய் அதை நம்பவில்லை. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். 2008 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. பாதுகாப்புத் துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகம் 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, 2003 மார்ச் முதல் 2009 மார்ச் வரை ஈராக்கில் மின்சாரம் தாக்கி இறந்த அமெரிக்கர்கள் 18 பேர்: 16 படையினர், 2 ஒப்பந்தப் பணியாளர்கள்.

வெளிநாட்டு ராணுவ முகாமில் தொழிலிடப் பாதுகாப்பு வல்லுநராக வேலை பார்ப்பது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள 2004இன் எச்சரிக்கைக்கும் 2008இன் மரணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தால் போதும். ஆபத்து என்னவென்று அவருக்குத் தெரியும். அதை எழுதியும் வைக்கிறார். ஆனால் பம்புக்கு எர்த் போடும் அதிகாரமும் அதற்கான பணமும் வேறு வேறு மேசைகளில் இருக்கின்றன.

முகாம் என்றதும் கூடாரமும் பீரங்கியும்தான் பலருக்கும் கண்முன் வரும். உண்மையில் பெரிய முகாம் ஒன்று நடுத்தரமான ஊருக்குச் சமம். ஜெனரேட்டர்கள், எரிபொருள் கிடங்கு, ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் மெஸ், சலவைக்கூடம், லாரிப் பட்டறை, கழிவுநீர் நிலையம், குப்பை மேடு, ஓயாத கட்டுமான வேலை. ஊரில் ஆட்களைக் கொல்லும் எல்லாமே அங்கும் கொல்லும். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது அடிபடுவது, சாரத்திலிருந்து விழுவது, தொட்டிக்குள் இறங்கியவர் விஷவாயுவில் மூச்சடைப்பது, வண்டி கவிழ்வது. 2010 முதல் 2019 வரையிலான பத்து நிதியாண்டுகளில் அமெரிக்கத் தரைப்படையும் மரீன் படையும் தங்கள் போர் வாகனங்களில் சந்தித்த, சண்டையோடு தொடர்பில்லாத விபத்துகள் 3,753. அவற்றில் 123 படையினர் இறந்தார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2021இல் தெரிவித்தது. ஓட்டுநர் பயிற்சிக் குறைவும் மேற்பார்வைக் குறைவும் அதில் முக்கியக் காரணங்கள்.

அமெரிக்க அரசுப் பணி வகைப்பாட்டில் பாதுகாப்பு வல்லுநர் வேலைக்கு 0018 என்ற தொடர் எண் உண்டு. பாதுகாப்புப் பொறியாளருக்கு 0803, காற்று, இரைச்சல், ரசாயனம் ஆகியவற்றை அளக்கும் தொழில்நல அறிஞருக்கு 0690. இவர்கள் சீருடை அணியாத அரசு ஊழியர்கள். இவர்களோடு ஒப்பந்த நிறுவனங்களின் சேஃப்டி அலுவலர்களும் உண்டு. வளைகுடாவில் கட்டுமானத் தளத்தில் வேலை பார்த்த எவருக்கும் அந்தப் பதவியை நன்றாகத் தெரியும். கட்டுமானத்துக்கு அவர்கள் கையில் இருக்கும் நூல், ராணுவப் பொறியாளர் படை 1941இல் தொடங்கி அவ்வப்போது திருத்திவரும் 'இ.எம். 385-1-1' என்ற பாதுகாப்புக் கையேடு. சாரத்தின் பலகை, தோண்டிய பள்ளத்தின் சரிவு, கிரேனின் கொக்கி, மின் இணைப்பை நிறுத்திப் பூட்டுப் போட்டுச் சீட்டுக் கட்டும் முறை என எல்லாவற்றுக்கும் அதில் விதி இருக்கிறது.

விதிக்குப் பஞ்சமில்லை. அந்த விதி யாரைக் கட்டுப்படுத்தும் என்பதில்தான் சிக்கல்.

அமெரிக்காவின் தொழிலகப் பாதுகாப்புச் சட்டம் 1970இல் வந்தது. அதை அமல்படுத்தும் ஓஷா நிறுவனத்தின் ஆய்வாளர் டெக்சாஸ் தொழிற்சாலைக்குள் நுழைந்து அபராதம் விதிக்கலாம். அந்தத் தொழிற்சாலையை நடத்தும் நிறுவனமே ஈராக்கில் வேலை எடுத்தால் அங்கே ஓஷாவின் அதிகாரம் செல்லாது. சட்டமே தன் எல்லையை அமெரிக்க மாநிலங்களோடும் குறிப்பிட்ட சில ஆட்சிப் பகுதிகளோடும் நிறுத்திக்கொள்கிறது. அரசு அலுவலகங்களுக்காக 1980 பிப்ரவரியில் அதிபர் கார்ட்டர் பிறப்பித்த 12196ஆம் ஆணை, படையினரையும், ராணுவத்துக்கே உரிய கருவிகளையும் நடவடிக்கைகளையும் விலக்கி வைத்தது. ராணுவம் தன் சொந்த உத்தரவுகளின் மூலம் ஓஷா தரத்தைத் தனக்குத்தானே விதித்துக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் தனக்குத்தானே விதித்துக்கொண்ட விதியைத் தளர்த்தும் உரிமையும் அதன் கையிலேயே இருக்கிறது.

ஆக, ஒரே வளாகத்தில் ஒரே பம்பைத் தொடும் மூன்று பேரின் சட்ட நிலை மூன்று விதம். படைவீரர் இறந்தால், பணி தொடர்பான காயத்துக்காக அரசின் மேல் வழக்குப் போட முடியாது. 1950இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'ஃபெரஸ்' வழக்கில் அந்தக் கதவை மூடிவிட்டது. அரசு ஊழியருக்கு அரசின் இழப்பீட்டுத் திட்டம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறொரு சட்டம், அதைப் பிறகு பார்ப்போம்.

மாசெத்தின் மரணத்துக்கு வருவோம். அந்தக் கட்டடத்தைப் பராமரித்தது கே.பி.ஆர். என்ற ஒப்பந்த நிறுவனம். ஈராக்கில் முகாம் கட்டடங்களின் பராமரிப்பு ஒப்பந்தத்தில் நிலைகள் இருந்தன. 'ஏ' நிலை என்றால் முறையாகச் சோதித்து, பழுது வருமுன்பே சரிசெய்ய வேண்டும். 'பி' நிலை என்றால் ஏதாவது உடைந்துவிட்டது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அதை மட்டும் சரிசெய்தால் போதும். மாசெத் இருந்த கட்டடம் 'பி' நிலையில் இருந்தது. 2007 பிப்ரவரியில் கே.பி.ஆர். அந்தக் கட்டடத்தைச் சோதித்தபோது மின் இணைப்பில் பல கோளாறுகளையும், பம்புக்கு எர்த் இல்லாததையும் பட்டியலிட்டிருந்தது. அதே ஆண்டில் அங்கே தங்கியிருந்தவர்கள் ஷாக் அடிக்கிறது என்று புகாரும் கொடுத்திருந்தார்கள். பட்டியல் இருந்தது, புகார் இருந்தது, பழுதுபார்ப்புச் சீட்டுகள் இருந்தன. முழுக் கட்டடத்தின் மின் இணைப்பையும் மாற்று என்று ஆணையிட்டுப் பணம் ஒதுக்கும் கையெழுத்து மட்டும் விழவில்லை.

தன் வேலையால் அந்த மரணம் நிகழவில்லை என்று கே.பி.ஆர். தொடர்ந்து மறுத்தது. ராணுவக் குற்றப் புலனாய்வும் 2009 ஆகஸ்டில், குற்றவழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று கோப்பை மூடியது. தலைமைத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை, ராணுவத் தலைமை, ஒப்பந்த மேற்பார்வை, நிறுவனம் ஆகிய எல்லா மட்டங்களிலும் தவறு நடந்திருப்பதாகச் சொன்னது. எல்லோர் மேலும் பழி விழுந்தால் தனியாக யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கே.பி.ஆர். மேல் பெற்றோர் தொடுத்த உரிமையியல் வழக்கு, போர்க்கள விவகாரத்தில் நீதிமன்றம் தலையிடலாமா என்ற கேள்வியிலேயே பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை நடத்தலாம் என்றது. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. குளியலறைப் பம்பு போர் நடவடிக்கையா இல்லையா என்ற கேள்வியிலேயே ஏழு ஆண்டுகள் போயின.

இதில் தொழில்நுட்ப மர்மம் எதுவும் இல்லை என்பதுதான் வேதனை. நம் வீடுகளின் மீட்டர் பெட்டியில் இருக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கசிவுத் துண்டிப்பான் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பை வெட்டிவிடும். சுமார் 10 மில்லிஆம்பியர் உடலில் பாய்ந்தால் பிடித்த பிடியை விட முடியாமல் தசை இறுகும். 50, 100 என்று போனால் இதயத் துடிப்பு குலைந்துவிடும். நனைந்த உடம்பில், வெறுங்காலோடு, ஈராக்கின் 220 வோல்ட்டுக்கு அந்த அளவு மிகச் சாதாரணம். எர்த் கம்பி ஒன்றும், துண்டிப்பான் ஒன்றும் இருந்திருந்தால் அந்தப் பம்பு ஓடாமல் நின்றிருக்கும். காலையில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது சலித்துக்கொண்டிருப்பார்கள். சதாம் உசேன் காலத்துக் கட்டடங்களில் உள்ளூர் முறையில் இழுத்த ஒயர், அதன் மேல் அமெரிக்க முறையில் ஒட்டுப் போட்ட ஒயர், சந்தையில் வாங்கிய மலிவான எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. 2008இல் 'டாஸ்க் ஃபோர்ஸ் சேஃப்' என்ற தனிக்குழுவை அமைத்து, தேர்ந்த மின்வினைஞர்களை வரவழைத்து, பல்லாயிரக்கணக்கான கட்டடங்களையும் அறைகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதாயிற்று. 2004இல் எழுதிய எச்சரிக்கை நிறைவேறிய விதம் இதுதான்.

ஏன் அந்தப் பாதுகாப்பு வல்லுநரே வேலையை நிறுத்தச் சொல்லக் கூடாது? சொல்லலாம், கண்ணெதிரே உயிராபத்து இருந்தால். அதற்கு மேல் போனால் ஒப்பந்தச் சட்டம் குறுக்கே நிற்கும். அமெரிக்க அரசு ஒப்பந்தத்தில் ஒப்பந்ததாரருக்கு ஆணையிடும் உரிமை ஒப்பந்த அதிகாரி ஒருவருக்கே உண்டு. வேறு யாராவது, எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், இதை இப்படி மாற்றிச் செய் என்று சொல்லிவிட்டால், ஒப்பந்ததாரர் கூடுதல் பணம் கேட்டுக் கோரிக்கை வைக்க முடியும். அதனால் வல்லுநர் தன் குறிப்பை எழுதுவார், அது ஒப்பந்த அதிகாரியின் பிரதிநிதிக்குப் போகும், அவர் அதிகாரிக்கு அனுப்புவார். அந்த அதிகாரி சில சமயம் வேறு நாட்டில் உட்கார்ந்திருப்பார்.

ராணுவப் பக்கமும் இதே கதைதான், வேறு வடிவத்தில். எந்தப் பணிக்கு முன்பும் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். ஆபத்தை அடையாளம் காண்பது, எடைபோடுவது, தடுப்பு முறையைத் தீர்மானிப்பது, நடைமுறைப்படுத்துவது, மேற்பார்வையிடுவது என்று ஐந்து படிகள். எல்லாம் முடிந்த பின்னும் மிஞ்சும் ஆபத்து குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று தரம் பிரிக்கப்படும். தரம் ஏற ஏற அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியின் பதவியும் ஏறும். பாதுகாப்பு வல்லுநர் எந்தத் தரத்திலும் கையெழுத்திட மாட்டார், அவர் ஆலோசகர். இந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு. படையை நடத்துபவர்தான் ஆபத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும், பேனா பிடித்தவரிடம் அதைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் தாக்குதல் நடக்கும் ஊரில் கமாண்டரின் கண்ணுக்கு மார்ட்டர் குண்டு பெரிதாகத் தெரியும், எர்த் கம்பி சிறிதாகத் தெரியும். அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுவதுதான் வல்லுநரின் வேலை.

சில சமயம் கண்ணாடி போட்டும் பார்ப்பதில்லை. பாக்தாத்துக்கு வடக்கே உள்ள பலாட் விமானத்தளத்தில் சுமார் 10 ஏக்கர் பரப்பில் திறந்தவெளிக் குப்பை எரிகுழி ஒன்று இரவும் பகலும் புகைந்தது. பிளாஸ்டிக், பெயின்ட், பேட்டரி, மருத்துவக் கழிவு, மெஸ் மிச்சம் எல்லாம் விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்தப்பட்டன. உச்சத்தில் ஒரு நாளைக்கு 200 டன்னுக்கு மேல். 2006 டிசம்பரில் அங்கே பணியிலிருந்த விமானப்படைச் சூழல்நலப் பொறியாளர் ஒருவர், இந்தக் குழி உடனடி உடல்நல ஆபத்து என்று மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவித்தார். தளத்தின் மருத்துவ அதிகாரியும் அதை ஆமோதித்தார். அந்தக் குறிப்பு 2008இல் பத்திரிகையில் வெளியான பிறகே பொதுவெளியில் பேச்சு எழுந்தது. எரிகுழிப் புகையில் இருந்தவர்களுக்குக் குறிப்பிட்ட சில புற்றுநோய்களும் நுரையீரல் நோய்களும் வந்தால், அவை பணியால் வந்தவையே என்று ஏற்றுக்கொள்ளும் 'பாக்ட்' சட்டம் 2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தானது. குறிப்புக்கும் சட்டத்துக்கும் இடையே 15 ஆண்டுகளுக்கு மேல். அந்தச் சட்டம்கூட அமெரிக்கப் படையினருக்குத்தான். அதே புகையில் நின்று குப்பையைத் தள்ளிய, மெஸ்ஸில் தட்டுக் கழுவிய ஆசியத் தொழிலாளர்கள் அதன் வரம்புக்குள் இல்லை.

மாற்று வழிக்குப் பணம் செலவழிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆப்கானிஸ்தானில் நான்கு முகாம்களில் 2 கோடி டாலருக்கு மேல் செலவில் கட்டிய எட்டு எரியுலைகள் ஒரு நாள்கூட இயங்கவில்லை என்று ஆப்கன் மறுசீரமைப்புக்கான சிறப்புத் தணிக்கையாளர் 2015இல் அறிவித்தார். உலை கட்டியாயிற்று, கோப்பில் டிக் அடித்தாயிற்று, குழி பாட்டுக்கு எரிந்தது.

வெடிமருந்து விஷயத்தில் ராணுவத்தின் பாதுகாப்பு அறிவு உண்மையிலேயே ஆழமானது. 1926 ஜூலையில் நியூ ஜெர்சியின் லேக் டென்மார்க் கடற்படைக் கிடங்கில் இடி விழுந்து வெடித்ததை அடுத்து, 1928இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு வாரியத்தை உருவாக்கியது. அது இன்றும் இருக்கிறது. எவ்வளவு வெடிமருந்துக்கு எவ்வளவு தூரம் தள்ளி மனிதர் இருக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. வெடிமருந்து எடையின் கன மூலத்தை ஒரு மாறிலியால் பெருக்கினால் அந்தத் தூரம் கிடைக்கும். எடை எட்டு மடங்கானால் தூரம் இரு மடங்கு. வட்டம் போட்டு வரைபடத்தில் வைத்துவிடலாம். பிரச்சினை, முகாமில் இடம் குறைவு, வண்டிகள் அதிகம்.

1991 ஜூலை 11, குவைத்தின் டோஹா முகாம். வளைகுடாப் போர் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. 11ஆவது கவசக் குதிரைப்படை ரெஜிமென்டின் வண்டிகள் உடனே கிளம்பத் தயாராகக் குண்டுகளை ஏற்றியபடி நெருக்கமாக நின்றிருந்தன. 155 மில்லிமீட்டர் குண்டுகள் நிரம்பிய எம்.992 வெடிமருந்து வண்டி ஒன்றில் இருந்த ஹீட்டர் பழுதாகித் தீப்பிடித்தது. ஜூலை மாதக் குவைத் வெயிலில் ஹீட்டரால் தீ! அணைக்க முடியவில்லை. அந்த வண்டி வெடித்துப் பக்கத்து வண்டிகள் மேல் குண்டுகளைச் சிதறடிக்க, மணிக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது. சுமார் 100 வண்டிகள் சேதமாயின, நான்கு எம்1ஏ1 டாங்கிகள் உட்பட. சுமார் 50 பேர் காயம்பட்டார்கள். அன்று யாரும் இறக்கவில்லை. ஆனால் ஜூலை 23 அன்று, சிதறிக் கிடந்த வெடிக்காத குண்டுகளை அகற்றும் வேலையில் மூன்று வீரர்கள் இறந்தார்கள். டாங்கிக் குண்டுகளில் இருந்த யுரேனிய உலோகத்தின் தூசும் அந்த வளாகத்தில் பரவியிருந்தது. துப்புரவில் இறங்கிய பலருக்கு அது தெரியாது. பெரிய விபத்தைவிட அதற்குப் பின் வரும் துப்புரவு நாள்களுக்குத்தான் சேஃப்டி ஆள் அதிகம் தேவை என்பதை டோஹா காட்டியது.

வெப்பம் இன்னொரு கதை. இதில் ராணுவம் உலகுக்கே வழிகாட்டியது. தென் கரோலினாவின் பாரிஸ் தீவு மரீன் பயிற்சி முகாமில் 1950களில் பயிற்சி வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். யாக்லோ, மினார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1957இல் ஒரு புதிய அளவையை வெளியிட்டார்கள். சாதாரண வெப்பமானி மட்டும் போதாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 சதவீதம், கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானி காட்டுவதில் 20 சதவீதம், நிழலின் வெப்பத்தில் 10 சதவீதம் என்று கூட்ட வேண்டும். வியர்வை உலருமா உலராதா என்பதுதான் உயிர் பிழைப்பதைத் தீர்மானிக்கிறது என்பதால் ஈரத்துக்கு அந்தப் பெரும் பங்கு. இந்தக் கூட்டுத்தொகை 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் முகாமில் கறுப்புக் கொடி. நம் கணக்கில் அது 32.2 டிகிரி செல்சியஸ். ராணுவ மருத்துவக் கையேட்டின்படி அந்த நிலையில் கடும் வேலை செய்பவர் 10 நிமிடம் வேலை, 50 நிமிடம் ஓய்வு. தண்ணீரும் மணிக்கு ஒன்றரைக் குவார்ட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரத்தத்தில் உப்புக் குறைந்து அதுவே ஆளைச் சாய்க்கும். ஈரப்பதமான இடத்தில் குண்டு துளைக்காத அங்கி போட்டவருக்கு அளவோடு 5 டிகிரி ஃபாரன்ஹீட் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் அல் உதெய்த் விமானத்தளம் இருக்கும் கத்தார் நாடு, 2021இல் தன் தொழிலாளர் விதியை மாற்றியது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் மாலை 3.30 வரை வெட்டவெளி வேலை கூடாது. அத்தோடு, அதே கூட்டு அளவை 32.1 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். மரீன் முகாமின் கறுப்புக் கொடியும் கத்தார் அரசாணையும் கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. கத்தார் விதி நிறுத்து என்கிறது. கறுப்புக் கொடி, அவசியமில்லாத வேலையை நிறுத்து என்கிறது. எது அவசியம் என்பதை மறுபடியும் கமாண்டர் தீர்மானிப்பார்.

உள்நாட்டுச் சட்டத்தை முகாமுக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் ஓர் உதாரணம். அங்குள்ள அமெரிக்கத் தளங்களில் சுமார் 25 ஆயிரம் ஜப்பானியர்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு வேலை சொல்வது அமெரிக்க ராணுவம். சட்டப்படி முதலாளி ஜப்பான் அரசு. யோகோசுகா கடற்படைத் தளத்தில் கப்பல் பழுதுபார்க்கும்போது பல்லாண்டுகள் ஆஸ்பெஸ்டாஸ் தூசைச் சுவாசித்து நுரையீரல் கெட்ட முன்னாள் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2002இல் நீதிமன்றம் ஜப்பான் அரசே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தளத்துக்குள் நடப்பதைத் தன்னால் கட்டுப்படுத்த முடியாது என்பது முதலாளிக்குச் சாக்காகவில்லை. ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ தொழிலாளிக்குப் பக்கபலமாக நிற்க அப்படி ஒரு முதலாளி அரசும் இல்லை, நெருங்கக்கூடிய நீதிமன்றமும் இல்லை.

விபத்துக்குப் பிறகு வல்லுநரின் கையில் ஒரு நல்ல ஆயுதம் உண்டு. ராணுவத்தில் ஒரே விபத்துக்கு இரண்டு விசாரணைகள் நடக்கலாம். ஒன்று சட்டத்துக்காக, மற்றது மீண்டும் நடக்காமல் தடுப்பதற்காக. இரண்டாவதில் சாட்சி சொல்பவருக்கு, நீங்கள் சொல்வது தண்டனைக்குப் பயன்படாது என்று வாக்குறுதி தரலாம். அந்த வாக்குமூலங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம்கூட வெளியே எடுக்க முடியாது என்று 1984இல் வெபர் விமான நிறுவன வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மெக்கானிக், நான் அந்த நட்டை முறுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டால்தான் அடுத்த விமானம் விழாது. ஏற்பாடு புத்திசாலித்தனமானது. ஆனால் அது சீருடைக்காரருக்கும் அரசு ஊழியருக்கும் துணிச்சல் தரும் அளவுக்கு, கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டி வந்த தொழிலாளிக்குத் தராது. அவருக்குப் பயம் தண்டனை பற்றியது அல்ல, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது.

அந்தத் தொழிலாளிகள் யார்? ஈராக், ஆப்கானிஸ்தான், குவைத் முகாம்களின் மெஸ், சலவை, கட்டுமானம், துப்புரவு வேலைகளைப் பெரும்பாலும் இந்தியா, நேபாளம், இலங்கை, பங்களாதேஷ், பிலிப்பைன்ஸ் நாட்டவர்கள் செய்தார்கள். 2004இல் ஜோர்டானில் வேலை என்று சொல்லி அழைத்துவரப்பட்டு, ஈராக்கில் அமெரிக்கத் தளத்துக்குக் கொண்டுசெல்லும் வழியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட 12 நேபாளிகளின் விவகாரம் அந்த ஆள்சேர்ப்புச் சங்கிலியை உலகுக்குக் காட்டியது. இவர்களுக்குக் காலையில் ஐந்து நிமிடம் நடக்கும் 'டூல்பாக்ஸ்' பாதுகாப்புப் பேச்சு எந்த மொழியில் நடக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. தொழிலாளிக்குப் புரியும் மொழியில் சொல்லாத பயிற்சி பயிற்சியே ஆகாது என்று ஓஷா தன் ஆய்வாளர்களுக்கு 2010இல் அறிவுறுத்தியிருக்கிறது. வருகைத்தாளில் விழுந்த கையெழுத்துகளை எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. பூட்டுப் போட்ட ஸ்விட்சை யார் திறக்கலாம் என்று தொழிலாளியிடமே திருப்பிக் கேட்டு, அவர் வாயால் பதில் வாங்குவதுதான் சோதனை. நல்ல சேஃப்டி அலுவலர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

முன்பு ஒதுக்கி வைத்த சட்டத்துக்கு வரலாம். 1941இல் இயற்றிய 'டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட்', அமெரிக்காவுக்கு வெளியே உள்ள தளங்களில் ஒப்பந்த வேலை பார்ப்பவர் காயம்பட்டால் மருத்துவச் செலவும் இழப்பீடும், இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகையும் தர வேண்டும் என்கிறது. எந்த நாட்டவரானாலும், துணை ஒப்பந்த நிறுவனத்தில் இருந்தாலும் பொருந்தும். அதற்கான காப்பீட்டை எடுப்பது நிறுவனத்தின் கடமை. குறையும் அதிலேயே இருக்கிறது. இழப்பீடு சம்பளத்தின் விகிதத்தில் வருவதால் குறைந்த சம்பளக்காரருக்குக் குறைந்த தொகை. பொதுச் சட்டத்தில் உள்ள குறைந்தபட்ச வரம்பும் இதில் கிடையாது. அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு, வருங்காலத் தவணைகளை மொத்தமாகக் கணக்கிட்டு அதில் பாதியை மட்டும் கொடுத்துக் கணக்கை முடித்துவிடவும் சட்டம் இடம் தருகிறது. 1941இல் எழுதிய அந்தப் பாதி இன்னும் பாதியாகவே இருக்கிறது. அதை நீக்க வேண்டியது அமெரிக்க நாடாளுமன்றத்தின் கடமை.

அதுவரை, வளைகுடாவில் அமெரிக்கத் தளம் ஒன்றில் வேலை என்று அழைப்பு வந்து கிளம்புகிறவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சிலவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அமெரிக்க அரசின் ஒப்பந்த விதிப்படி தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது. எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம் தேவைப்படும் இடங்களில், அது புரியும் மொழியில், ஊரைவிட்டுக் கிளம்புவதற்குக் குறைந்தது 5 நாள் முன்பு கைக்கு வர வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் நகலும், தளத்துக்குள் நுழையும் அடையாள அட்டையின் படமும், சம்பளச் சீட்டும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். காயம்பட்டால் 30 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டு மனுவைப் பொதுவாக ஓராண்டுக்குள் அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கு அனுப்ப வேண்டும். வேலையால் பின்னாளில் வரும் நோய் என்றால் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. குழாயைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்றால் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.